அலாஸ்கா உட்காட்டில் நிலம் தருவதை மட்டும் உண்டு ஓராண்டு வாழ முடியுமா?

வடதிசை எழுதியது:

நானும் என் நண்பர் ஒருவரும் யூகான் ஆற்றுப் படுகையில், சாலை எட்டாத ஓர் இடத்தில் ஓராண்டு தங்கத் திட்டமிட்டு வருகிறோம். 50 கிலோ அரிசி, 10 கிலோ பருப்பு, உப்பு, இரண்டு கோடரிகள், ஒரு துப்பாக்கி, வலைகள் ஆகியவற்றை மட்டும் எடுத்துச் செல்வோம். மற்றதை நிலம் தரும். சென்ற வாரம் இதை வேறொரு இழையில் சொன்னபோது, காரணம் எதுவும் கூறாமல் "இது தற்கொலை" என்று இருவர் எழுதினார்கள். அதனால்தான் இதைத் தனி விவாதமாகத் தொடங்குகிறேன்.

ரிச்சர்ட் புரோனிக்கி 1968இல், ஐம்பது வயதைக் கடந்த பின், அலாஸ்காவின் ட்வின் லேக்ஸ் ஏரிக்கரையில் கைக்கருவிகளைக் கொண்டே மரக்குடில் கட்டி, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் தனியாக வாழ்ந்தார். அதபாஸ்கன் பழங்குடி மக்கள் அதே மாநிலத்தின் உட்பகுதியில் பல்லாயிரம் ஆண்டுகளாக வாழ்கிறார்கள். ஒரு பெரிய ஆண் மூஸ் மானிலிருந்து 200 கிலோவுக்கு மேல் இறைச்சி கிடைக்கிறது. இவை மூன்றும் உண்மையாக இருக்கும்போது எங்கள் திட்டம் எப்படி இயலாததாகும் என்பதை யாராவது விளக்க வேண்டும்.

கணக்கன் எழுதியது:

விளக்கம் கேட்டது நியாயமானது. நீங்கள் சொன்ன மூஸ் மானிலிருந்தே தொடங்குகிறேன். எலும்பு நீக்கிய இறைச்சி 220 கிலோ என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். மூஸ் இறைச்சியில் கொழுப்பு மிகக் குறைவு என்பதால் ஒரு கிலோவில் சுமார் 1,000 கலோரிதான் இருக்கும். ஆக மொத்தம் 2,20,000 கலோரி. கடுங்குளிரில் விறகு பிளந்து, பனிக்கட்டியை உடைத்துத் தண்ணீர் எடுத்து, வலையைப் பார்க்க நாள்தோறும் நடக்கும் ஒருவருக்கு நாளொன்றுக்கு 3,500 கலோரி தேவைப்படும் என்றால், இருவருக்கு 7,000. அந்தப் பெரிய மூஸ் உங்களுக்கு ஒரு மாதம்தான் வரும். நீங்கள் கொண்டுபோகும் அரிசியும் பருப்பும் இன்னொரு மாதத்துக்கு வரும். மீதிப் பத்து மாதங்களுக்கு இன்னும் பத்து மூஸ்கள் வேண்டும். அலாஸ்காவின் பெரும்பாலான பகுதிகளில் ஒருவர் ஆண்டுக்கு ஒன்றைத்தான் வேட்டையாடலாம்.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கொழுப்பற்ற இறைச்சியை மட்டும் வயிறு நிறைய உண்டாலும் மனிதர் மெலிந்து நோயுறுவார், ஏனெனில் நமது கல்லீரலால் ஓர் அளவுக்கு மேல் புரதத்தைக் கையாள முடியாது. வடபுலத்தார் இதை முயல் பட்டினி என்பார்கள். ஆய்வுப்பயணி வில்யால்முர் ஸ்டெஃபான்சன் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். முயலையே முதன்மை உணவாக நம்பினால், பனிமுயல்களின் எண்ணிக்கை ஏறத்தாழப் பத்தாண்டுக்கு ஒரு முறை பெருகி, பிறகு சரிந்துவிடுகிறது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். நீங்கள் போகும் ஆண்டு சரிவின் ஆண்டாக இருந்தால், காடு முழுவதும் அலைந்தாலும் கண்ணி வெறுமையாகவே இருக்கும்.

வடதிசை எழுதியது:

உங்கள் கணக்கைச் சரிபார்த்தேன், பிழை இல்லை. ஆனால் நீங்கள் மீனை விட்டுவிட்டீர்கள். சால்மனில் கொழுப்பு உண்டு, அது கூட்டம் கூட்டமாக ஆற்றில் ஏறி வருகிறது, அதைப் பிளந்து காயவைத்தால் குளிர்காலம் முழுவதும் கெடாது. கருவாடு போடத் தெரிந்த கடற்கரைக் குடும்பத்தில் பிறந்தவன் நான்.

மேலும், இப்பேச்சு எழும்போதெல்லாம் கிறிஸ் மெக்கேண்ட்லெஸ் பெயரைச் சொல்லி இளக்காரமாகப் பேசுவது வழக்கமாகிவிட்டது. 24 வயது இளைஞர், சுமார் 4.5 கிலோ அரிசியும் சிறிய துப்பாக்கியும் கொண்டு 1992 ஏப்ரல் இறுதியில் அலாஸ்கா காட்டின் ஸ்டாம்பீட் பாதையில் நுழைந்து, நூறு நாட்களுக்கு மேல் உயிரோடு இருந்து, பிறகு அங்கேயே இறந்தார். தோற்றவர் என்பதற்காக அவர் செய்துகாட்டியதை ஒன்றுமில்லை என்று தள்ளிவிட முடியாது.

பனித்தடம் எழுதியது:

நான் ஃபேர்பேங்க்ஸ் நகருக்கு வெளியே, குழாய்த் தண்ணீர் இல்லாத குடிலில் ஒன்பதாவது குளிர்காலத்தைக் கழித்துக்கொண்டிருக்கிறேன். இங்கே அப்படி வாழ்பவர்கள் பலர். தண்ணீரை நகரத்தில் பிடித்துக் குடங்களில் கொண்டுவருகிறோம். இந்த வாழ்க்கையை நேசிப்பவன் என்ற முறையிலேயே எழுதுகிறேன்.

முதலில் சால்மன். யூகான் ஆற்றின் சினூக் சால்மன் வரத்து சரிந்துபோனதால், அலாஸ்காவும் கனடாவும் 2024இல் உடன்பட்டு ஏழு ஆண்டுகளுக்கு அதன் பிடிப்பை நிறுத்திவைத்திருக்கின்றன. ஆற்றங்கரையில் தலைமுறை தலைமுறையாக மீன்முகாம் போட்டு வந்த மூதாட்டிகளே இன்று தம் வலைகளைச் சுருட்டி வைத்திருக்கிறார்கள். மீனுக்குப் புகையூட்டும் கூடங்கள் வெறுமையாக நிற்பதை நான் நேரில் கண்டிருக்கிறேன். அதைப் பற்றிப் பேசும்போது அவர்கள் குரல் மாறிவிடுகிறது. அந்த ஆற்றை நம்பித்தான் நீங்கள் வரப்போகிறீர்கள்.

அடுத்து, சட்டம். அரசு இலவசமாகக் குடியேற்ற நிலம் தரும் முறை அலாஸ்காவிலும் 1986இல் முடிந்துவிட்டது. பொது நிலத்தில் அனுமதியின்றிக் குடில் கட்டுவது ஆக்கிரமிப்பு. மாநிலம் தொலைதூர மனைகளை விற்கிறது. அவற்றை விலை கொடுத்து வாங்கலாம். அலாஸ்கா வாழ்நர் என்ற உரிமை பெற 12 மாதங்கள் இங்கே வாழ்ந்திருக்க வேண்டும். அதற்கு முன், அமெரிக்கக் குடியுரிமை இல்லாத ஒருவர், மூஸ் உட்பட எந்தப் பெரு விலங்கையும் உரிமம் பெற்ற வழிகாட்டி உடனில்லாமல் வேட்டையாட முடியாது. உங்கள் ஓராண்டு முழுவதும் அந்தக் காத்திருப்புக் காலத்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறது.

கடைசியாக, ஊர்ப்புற அலாஸ்கா மக்களின் உணவு. ஆண்டுக்குத் தலைக்கு ஏறத்தாழ 130 கிலோ காட்டுணவைச் சேர்க்கும் இவர்களுக்குத் தேவைக்கு மேலேயே புரதம் கிடைக்கிறது. தேவையான கலோரியில் ஏறத்தாழக் கால்பங்குதான் அதிலிருந்து கிடைக்கிறது. படகும் பனிவண்டியும் உறவினரும், பாட்டனார் காட்டிய இடங்களும் உள்ளவர்களின் நிலை இது.

மண்வாசம் எழுதியது:

கணக்கனும் பனித்தடமும் சொல்வதை மறுக்கவில்லை, ஆனால் இருவரும் வேட்டையை மட்டுமே பேசுகிறார்கள். கோடையில் இரவே இல்லாத அளவுக்கு ஒளி இருக்கும் நாடு அது. பால்மரில் நடக்கும் மாநிலக் கண்காட்சியில் 2012இல் 62 கிலோவுக்கு மேல் எடையுள்ள முட்டைக்கோசு வைக்கப்பட்டது. உருளைக்கிழங்கு அங்கே நன்றாக விளைகிறது. வேட்டையோடு தோட்டமும் சேர்ந்தால் கணக்கு மாறாதா?

கணக்கன் எழுதியது:

மாறும், தோட்டம் என்பது நல்ல யோசனைதான். ஆனால் முதல் ஆண்டிலேயே மாறாது. காட்டை வெட்டி, வேர் பறித்து, பல இடங்களில் சற்று ஆழத்திலேயே நிரந்தரமாக உறைந்து கிடக்கும் மண்ணைப் பண்படுத்தி, குறுகிய கோடைக்குள் விளைவித்து எடுக்க வேண்டும். நீங்கள் குறிப்பிட்ட பால்மரின் வரலாற்றையே பாருங்கள். 1935இல் அமெரிக்க அரசு மின்னசோட்டா, விஸ்கான்சின், மிச்சிகன் மாநிலங்களிலிருந்து 203 குடும்பங்களை மட்டனுஸ்கா பள்ளத்தாக்குக்கு அனுப்பியது. அவர்களுக்கு நிலமும் கடனும் கொடுத்தது. அந்த இடத்துக்கு ரயில் பாதையும் இருந்தது. அவ்வளவு இருந்தும் ஐந்தாறு ஆண்டுகளுக்குள் பாதிக்கு மேற்பட்ட குடும்பங்கள் வெளியேறிவிட்டன.

மெக்கேண்ட்லெஸை இழிவுபடுத்த எனக்கும் விருப்பமில்லை. அவர் ஜூன் மாதம் ஒரு மூஸை வீழ்த்தினார். அதைப் புகையூட்டிப் பாதுகாக்க முயன்றார், சில நாட்களிலேயே இறைச்சி புழுத்துவிட்டது. ஈரத்தையும் ஈயையும் வென்று அவ்வளவு பெரிய உடலை உப்புக்கண்டமாக்குவது தனி ஒருவரின் வேலை அல்ல. ஜூலையில் வெளியேற நடந்தபோது, வசந்தத்தில் எளிதாகக் கடந்த டெக்லனிகா ஆறு பனியுருகலால் பெருகியிருந்தது. விவரமான வரைபடம் இருந்திருந்தால், கீழ்நோக்கிச் சிறிது தொலைவில் ஆற்றுக்குக் குறுக்கே ஒரு கம்பிவடம் இருந்தது தெரிந்திருக்கும். செப்டம்பரில் வேட்டைக்காரர்கள் அவருடைய உடலைக் கண்டபோது எடை சுமார் 30 கிலோ. அவர் தங்கிய, காட்டில் கைவிடப்பட்டிருந்த பழைய பேருந்தைக் காணச் சென்ற இருவர் 2010இலும் 2019இலும் அதே ஆற்றில் இறந்த பிறகு, 2020இல் அரசு அதை ஹெலிகாப்டரில் தூக்கி அகற்றியது.

அவர் அனுபவமற்றவர் என்று நீங்கள் சொல்லலாம். அதற்காகவே ஜான் ஹார்ன்பியை நினைவுபடுத்துகிறேன். கனடாவின் வடபகுதியில் பல ஆண்டுகள் வாழ்ந்தவர். குறைந்த உணவோடு நிலத்தை நம்பி வாழ்வதையே தம் பெருமையாகக் கருதியவர். 1926இல் 18 வயது உறவினர் எட்கர் கிறிஸ்டியனையும் ஹரால்ட் அட்லார்டையும் அழைத்துக்கொண்டு தெலான் ஆற்றங்கரைக்குச் சென்றார். இலையுதிர்காலத்தில் கரிபூ மான்கூட்டம் அந்த வழியாகக் கடந்துபோகும், அப்போது குளிர்காலத்துக்கு வேண்டியதைச் சேர்த்துவிடலாம் என்பது அவருடைய திட்டம். அவர்கள் அந்த மந்தையைத் தவறவிட்டார்கள். அவ்வளவுதான் நடந்தது; வேறு எந்தப் பெரிய தவறும் தேவைப்படவில்லை. ஹார்ன்பி 1927 ஏப்ரலில் இறந்தார், பிறகு அட்லார்ட், கடைசியாக அந்தச் சிறுவன். அவன் தன் நாட்குறிப்பை அடுப்புக்குள் பத்திரமாக வைத்துவிட்டு இறந்தான். அந்தக் குறிப்பு பற்றி முதன்முதலில் அறிந்த நாளில் என்னால் வேறு எதுவும் செய்ய முடியவில்லை. உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுவதற்கும் அதுவே காரணம்.

வடதிசை எழுதியது:

ஹார்ன்பியைப் பற்றி நான் அறிந்திருக்கவில்லை. இரண்டு நாட்கள் கழித்தே பதில் எழுதுகிறேன்.

அரிசிக் கணக்கில் நான் தோற்றுவிட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ளவில்லை. ஹைமோ கோர்த் 1970களில் விஸ்கான்சினிலிருந்து வந்தவர். அவருக்கும் அங்கே பாட்டனார் காட்டிய இடம் எதுவும் இல்லை. இருந்தும் கோலீன் ஆற்றங்கரையில் குடும்பத்தோடு பல பத்தாண்டுகள் வாழ்ந்திருக்கிறார். முடியாது என்று எல்லோரும் சொல்வதை ஒருவர் செய்திருக்கும்போது, அந்த ஒருவரிடமிருந்து கற்பதுதானே முறை?

பனித்தடம் எழுதியது:

அவரிடமிருந்து கற்பதுதான் முறை. அதை முழுமையாகக் கற்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். கோர்த் யூபிக் என்ற பழங்குடி மக்களிடையே வாழ்ந்து, அவர்களிடம் வேட்டையைக் கற்றார். கண்ணி வைத்துப் பிடித்த விலங்குகளின் தோலை விற்று மளிகை வாங்கினார். ஓரிடத்தில் விலங்கு குறைந்துவிடக் கூடாது என்பதற்காக மூன்று குடில்கள் வைத்து, ஆண்டுக்கு ஒன்றாக மாறி மாறித் தங்கினார்கள். ஒரு குடும்பம் உண்பதற்கு மூன்று இடங்கள் வேண்டியிருக்கின்றன. புரோனிக்கியும் அப்படித்தான்: அவர் தேர்ந்த தச்சர், இயந்திரப் பணியாளர், குடிலுக்கான மரங்களை முந்தைய ஆண்டே வெட்டி வைத்திருந்தார், மாவும் சர்க்கரையும் அவரைப் பருப்பும் விமானத்தில் வந்துகொண்டிருந்தன. நீங்கள் முதலில் காட்டிய அதபாஸ்கன் மக்களோ ஓரிடத்தில் தங்கியதே இல்லை. பருவத்துக்குப் பருவம் மீன்முகாம், மான்களை மடக்கும் வேலி, குளிர்கால இடம் என்று கூட்டமாக நகர்ந்தார்கள். அவர்களுடைய முன்னோர் கதைகளில்கூடப் பஞ்சம் வருகிறது.

வடதிசை எழுதியது:

அப்படியானால், ஒரு குளிர்காலம் முழுவதற்கும் உணவை வாங்கி விமானத்தில் கொண்டுபோய், மீனையும் வேட்டையையும் கூடுதலாக மட்டும் வைத்துக்கொண்டால்? அதற்கும் எதிர்ப்பு உண்டா? போவதை நான் கைவிடப் போவதில்லை.

பனித்தடம் எழுதியது:

எதிர்ப்பு இல்லை, அப்படி வருவதானால் என்னால் இயன்ற உதவியைச் செய்வேன். ஆனால் விமானத்தைப் பற்றி ஒரு கேள்விக்கு நீங்கள் விடை சொல்ல வேண்டும். கார்ல் மெக்கன் என்ற ஒளிப்படக்காரர் 1981 மார்ச்சில் அதே கோலீன் ஆற்றுப் பகுதியில் இறங்கினார். 600 கிலோவுக்கு மேல் உணவுப் பொருளும் 500 படச்சுருள்களும் அவரிடம் இருந்தன; உங்களைவிட நன்றாக ஆயத்தமானவர். ஆகஸ்டில் அழைத்துப்போக யார் வர வேண்டும் என்பதை மட்டும் அவர் உறுதியாகப் பேசி முடிக்கவில்லை. பிறகு ஒரு காவல்துறை விமானம் தலைக்கு மேல் வட்டமிட்டபோது, மகிழ்ச்சியில் ஒரு கையை உயர்த்தினார். அது "நலமாக இருக்கிறேன், காத்திருக்க வேண்டாம்" என்பதற்கான சைகை, விமானம் போய்விட்டது. அந்த விளக்கம் அவருடைய வேட்டை உரிமத்தின் பின்புறத்திலேயே அச்சிடப்பட்டிருந்தது. காலம் கடந்துதான் அதைப் படித்தார். அந்தக் குளிர்காலத்திலேயே இறந்துபோனார்.

உங்களைத் திரும்ப அழைத்துவர எந்த விமானி, எந்தத் தேதியில் வருகிறார்? அவருக்கு முன்பணம் கொடுத்து, அந்தத் தேதியை ஊரில் இருக்கும் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டீர்களா?