பாடசாலையில் சங்கீதம் இல்லாவிட்டால் கைத்தொலைபேசி போதுமா?

குச்சவெளித் தகப்பன்:
"பாடசாலையில் சங்கீதம் இல்லையென்று அழத் தேவையில்லை, சித்திரத்தை எடுத்துவிட்டுப் பாட்டைக் கைத்தொலைபேசியில் பார்த்துப் பழகலாம்" என்று உப்புவெளியூரான் நேற்று வேறோர் இழையில் எழுதியிருந்தார். அதைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. என் மகள் ஆறாம் தரத்தில் அழகியற் பாடம் தெரிவு செய்யும்போதே சங்கீதத்தைத்தான் கேட்டாள். ஆசிரியர் இல்லையென்று சொல்லிச் சித்திரத்தில் சேர்த்துவிட்டார்கள். இப்போது பத்தாம் தரத்துக்குப் போகிறாள். சாதாரண தரத்துக்கான தொகுதிப் பாடங்களை எழுதிக் கொடுக்கும் படிவம் வீட்டு மேசையில் கிடக்கிறது. அதிலும் சங்கீதம் இல்லை. திருகோணமலை நகரத்துக்கு அனுப்பலாமென்றால் 30 கிலோமீற்றருக்கு மேல் போக வேண்டும்; பின்னேர வகுப்பு முடிந்த பிறகு ஒரு பெண் பிள்ளை புல்மோட்டை வீதியில் தனியாக பஸ்ஸுக்கு நிற்பதை எந்தத் தகப்பன் பொறுப்பான்? இலவசக் கல்வி உள்ள நாட்டில் என் பிள்ளைக்கு மட்டும் ஏன் கைத்தொலைபேசி?

உப்புவெளியூரான்:
நான் எழுதியதில் ஒரு சொல்லையும் மாற்றப்போவதில்லை. ஆசிரியர் வரும்வரை காத்திருந்தால் பிள்ளைக்குக் கலியாண வயது வந்துவிடும். என் அண்ணனின் மகள் தம்புராச் செயலியை வைத்துக்கொண்டு, காணொளிகளைப் பார்த்துச் சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம் என்ற ஆரம்பப் பயிற்சிகளையெல்லாம் தானாகவே பழகினாள். கோணேசர் கோயிலில் சம்பந்தருடைய கோணமாமலைப் பதிகத்தை முழுவதுமாகப் பாடினாள். சுருதி எங்குமே விலகவில்லை என்பதைச் செயலியே காட்டியது. சம்பந்தரே இங்கு வந்து பாடவில்லை, இராமேசுவரத்தில் நின்றபடிதான் கோணேசரைப் பாடினார் என்று பெரியபுராணம் சொல்கிறது. பாட்டுக்குத் தூரம் ஒரு தடையாக அன்றும் இருந்ததில்லை, இன்றும் இல்லை.

சுருதிசுத்தம்:
அந்தப் பிள்ளை பாடியதை நானும் முன்வரிசையில் இருந்து கேட்டேன். குரல் நல்ல குரல், உச்சரிப்பும் தெளிவு. ஆனால் காந்தாரம், அதாவது 'க' என்ற சுரம், பிழை. அந்தப் பதிகத்தின் பண், அதாவது பழந்தமிழ் இராகம், புறநீர்மை. ஓதுவார் மரபில் அதைப் பூபாள இராகத்தில் பாடுவார்கள். பூபாளத்துக்குக் கீழே நிற்கும் சாதாரண காந்தாரம். பிள்ளை பாடியது அதைவிட மேலே நிற்கும் அந்தர காந்தாரம். இது ஏன் நேர்ந்தது என்பதும் எனக்குத் தெரியும். சரளி வரிசையை எல்லோரும் மாயாமாளவகௌளை இராகத்தில்தான் தொடங்குகிறோம். அதன் ரிஷபமும் தைவதமும் பூபாளத்தில் அப்படியே வரும், மத்திமமும் நிஷாதமும் வரமாட்டா, மாறுகிற சுரம் காந்தாரம் ஒன்றே. தொண்டை பழகிய இடத்துக்கே போகும். பக்கத்தில் ஒருவர் இருந்து, "நில், அது கொஞ்சம் கீழே" என்று அந்த இடத்திலேயே மறித்துப் பாடிக் காட்டாவிட்டால் பூபாளம் பௌளி என்ற வேறோர் இராகத்தின் சாயலுக்குப் போய்விடும். செயலி, பாடிய சுரம் சுருதியில் நிற்கிறதா என்று மட்டுமே சொல்லும். அந்த இடத்தில் நிற்க வேண்டிய சுரம் அதுவா என்று சொல்லாது.

உப்புவெளியூரான்:
ஒரு சிறுபிள்ளையின் பாட்டைப் பொதுவில் இப்படிக் கிழிப்பது ஆசிரியத் தொழிலுக்கு அழகா, ரீச்சர்? அன்றைக்குக் கோயிலில் வந்து தலையில் கைவைத்து வாழ்த்திய நீங்கள், இன்று நாலுபேர் பார்க்கும் இடத்தில் காந்தாரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள்.

சுருதிசுத்தம்:
வாழ்த்தியது பிள்ளையை, பிழையென்று சொல்வது காந்தாரத்தை. பிள்ளையின் பெயரை நான் எழுதவில்லை, அவளைச் சாட்சிக்கு அழைத்து வந்தவர் நீங்கள்.

தம்பலகாமத்தான்:
நகரத்து ரீச்சர்மாருக்குக் காந்தாரத்தை விட்டால் வேறு கதையில்லை. ஆதிகோணநாயகர் கோயிலில் எங்கள் தகப்பன்மார் தேவாரம் பாடியபோது சாதாரணம், அந்தரம் என்று யாரும் பெயர் வைத்துக்கொண்டு பாடவில்லை. கேட்டார்கள், பாடினார்கள், அதுவே படிப்பு. நாயனக்காரர் விடியற்பூசையில் வாசிப்பதைத் தினமும் கேட்டு வளர்ந்த பிள்ளைக்குப் பூபாளத்தைத் தனியாகப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பண் இராகமாகி எத்தனை நூற்றாண்டு கடந்துவிட்டது! சம்பந்தர் காலத்துப் புறநீர்மைக்கு எந்தக் காந்தாரம் இருந்தது என்று நீங்கள் யாழைத் தொட்டுப் பார்த்தவர் போல அடித்துச் சொல்ல வேண்டாம். ஆபிரகாம் பண்டிதர் 1917 இல் கருணாமிர்த சாகரத்தை வெளியிட்டார், விபுலாநந்த அடிகள் 1947 இல் யாழ்நூலை அரங்கேற்றினார். அவ்வளவு பெரியவர்கள் எழுதிய பிறகும் பண்ணைப் பற்றிய ஆராய்ச்சி முடியவில்லை.

சுருதிசுத்தம்:
ஐயா, ஆராய்ச்சி வேறு, பாடாந்தரம், அதாவது வழிவழியாகப் பாடிவரும் முறை, வேறு. இன்று ஓதுவாமூர்த்திகள் எப்படிப் பாடுகிறார்களோ அப்படிப் பாட வேண்டுமென்பதே என் வாதம். யாழை நான் தொடவில்லை. ஆனால் நீங்களே பண்ணைத் தொடக்கிவிட்டதால் சொல்கிறேன். தில்லையில் தேவார ஏடுகள் கிடைத்த பிறகும் பண்கள் கிடைக்கவில்லை என்பதும், சம்பந்தருக்கு யாழ் வாசித்த திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் எருக்கத்தம்புலியூரில் இருந்த ஒரு பெண்ணை அழைத்து வந்துதான் பண்களை வகுத்தார்கள் என்பதும் திருமுறை கண்ட வரலாறு. சொல் ஏட்டில் இருந்தது. காந்தாரம் ஒரு மனிதரின் தொண்டையில் இருந்தது. இராமேசுவரத்திலிருந்து பாடிய சம்பந்தருக்கும் பக்கத்தில் அந்த யாழ்ப்பாணர் இருந்தார் என்பதை உப்புவெளியூரான் மறந்துவிட்டார்.

தம்பலகாமத்தான்:
அந்தப் பெண் எந்தப் பாடசாலையில் சங்கீதம் எடுத்தாள்? வீட்டிலே கற்றாள். நான் சொன்னதை நீங்களே நிரூபித்துவிட்டீர்கள்.

சுருதிசுத்தம்:
வீட்டிலே திருத்துவதற்கு ஆள் இருந்தார்கள். குச்சவெளிப் பிள்ளையின் வீட்டில் காந்தாரத்தைத் திருத்த யார் இருக்கிறார்?

உப்புவெளியூரான்:
விபுலாநந்த அடிகளின் பெயர் வந்ததால் கேட்கிறேன். எங்கள் இந்துக் கல்லூரியில் பணியாற்றிய அந்த மனிதர் 1920 இல் இலண்டன் பல்கலைக்கழகத்தில் பெற்றது விஞ்ஞானப் பட்டம். விஞ்ஞானப் பட்டதாரி யாழ்நூல் எழுதவில்லையா? ஆர்வமுள்ளவனுக்குப் பாடத்திட்டம் தேவையில்லை. தேவையென்று சொல்பவர்கள் பெரும்பாலும் ரியூஷன் வகுப்பு நடத்துபவர்கள்.

சுருதிசுத்தம்:
ரியூஷன் என்ற சொல்லை என்னை நோக்கி எறிந்துவிட்டீர்கள். ஓய்வு பெற்ற பின் என் வீட்டு விறாந்தையில் பாட வரும் பிள்ளைகளிடம் நான் என்ன வாங்குகிறேன் என்று அவர்களின் தாய்மாரிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள். அடிகள் எத்தனையோ ஆண்டு உழைத்து எழுதியது இசை ஆராய்ச்சி நூல். பதினான்கு வயதுப் பிள்ளைக்கு முன்னால் இருப்பது சாதாரண தரப் பரீட்சை. அதில் சங்கீதத்துக்கு எழுத்துத் தாளோடு செயன்முறைப் பரீட்சையும் உண்டு. பரீட்சகர் முன்னால் சுருதிக்குப் பாட வேண்டும், தாளம் போட வேண்டும். அங்கே காந்தாரம் தவறினால் அடிகளின் பட்டம் வந்து காப்பாற்றாது.

மூதூர் மாணவி:
வணக்கம். நானும் பாடசாலையில் சங்கீதம் இல்லாமல் வெளியே படிக்கிறேன். வட இலங்கை சங்கீத சபையின் தரப் பரீட்சைகளுக்கு இருக்க விரும்புகிறேன். அதன் கலாவித்தகர் பட்டம் வரை போக வேண்டுமென்பது என் ஆசை. சபைப் பரீட்சைக்கு ஆயத்தமாகிக்கொண்டே பாடசாலைத் தொகுதியில் வேறு அழகியற் பாடத்தை எடுத்தால், பின்னர் கல்லடியில் உள்ள சுவாமி விபுலாநந்தா அழகியற் கற்கைகள் நிறுவகத்துக்கோ மருதனார்மடத்து இராமநாதன் நுண்கலைக்கோ விண்ணப்பிக்கும்போது தடை வருமா என்று யாராவது சொல்ல முடியுமா?

தம்பலகாமத்தான்:
மருதனார்மடம் வரை ஏன் போக வேண்டும்? கிழக்கில் நிறுவகம் இருக்கும்போது வடக்கின் சான்றிதழுக்கு நம் பிள்ளைகள் ஏன் ஏங்க வேண்டும்? இதைத்தான் நான் பல வருடமாகச் சொல்லி வருகிறேன்.

சுருதிசுத்தம்:
வடக்கு, கிழக்கு என்று பிரிப்பதற்குச் சங்கீதம் காணித் துண்டல்ல. நான் இராமநாதனில் படித்தவள், அதில் எனக்குப் பெருமை உண்டு. மூன்றாம் காலத்தில் சரளி வரிசை பாடும்போது மூச்சை எங்கே எடுக்க வேண்டும் என்பதை என் குரு என் தோளில் கைவைத்துக் காட்டினார். அதை எந்தக் காணொளியும் காட்டாது. கோயிலில் ஆர்மோனியப் பெட்டியை வைத்துப் பாடிப் பழகிய பிள்ளைகளுக்குச் சுரத்தை அசைத்துப் பாடும் கமகம் வராமல் போவதையும் கண்ணால் பார்த்திருக்கிறேன். கட்டைகளுக்கு இடையில் அசைய முடியாத வாத்தியம் என்பதும் ஒரு காரணமாகத்தானே அகில இந்திய வானொலி 1940 இல் அதை விலக்கியது.

தம்பலகாமத்தான்:
எங்கள் பசனையில் வாசிக்கும் பெட்டியையும் விடமாட்டீர்களா? அந்தப் பெட்டிதான் யுத்த காலத்தில் ஊரிலே பாட்டை உயிரோடு வைத்திருந்தது. அப்போது எந்த ரீச்சரும் தம்பலகாமத்துக்கு வந்ததாக எனக்கு நினைவில்லை.

சுருதிசுத்தம்:
வந்தேன். சைக்கிளில் வந்தேன். உங்களுக்குத் தெரியாதது என் குற்றமல்ல.

குச்சவெளித் தகப்பன்:
பெரியவர்களே, படிவத்தைத் திங்கட்கிழமை கொடுக்க வேண்டும். வலயக் கல்விப் பணிமனையில் கேட்டால் வெற்றிடம் இருக்கிறது என்கிறார்கள்; அதிபரைக் கேட்டால் கடிதம் அனுப்பியாயிற்று என்கிறார். கிராமங்களுக்கு நியமனம் கிடைக்கும் சங்கீத ஆசிரியர்கள் ஏன் நகரத்துக்கு மாற்றம் வாங்கிக்கொண்டு போகிறார்கள் என்று இங்கே ஒருவரும் கேட்கவில்லை. இரண்டு பாடசாலைகளுக்குச் சேர்த்து ஓர் ஆசிரியரை, வாரத்தில் இரண்டு நாளாவது அனுப்ப முடியாதா?

உப்புவெளியூரான்:
மாற்றம் வாங்கிக்கொண்டு போனவர்களில் ஒருவர் இந்த இழையிலேயே எழுதிக்கொண்டிருக்கக் கூடும்.

சுருதிசுத்தம்:
பெயரைச் சொல்லத் துணிவில்லாத குற்றச்சாட்டுக்கு நான் பதில் எழுதுவதில்லை. தகப்பனுக்கு மட்டும் சொல்கிறேன். ஆசிரியரைக் கேட்டுப் பெற்றோர் எல்லோரும் கையெழுத்திட்டு வலயத்துக்குக் கொடுங்கள். நீங்கள் ஓர் ஆளாகப் போனால் வாசலோடு அனுப்பிவிடுவார்கள். அதுவரை பிள்ளையைக் கைத்தொலைபேசியிடம் ஒப்படைக்காதீர்கள். பிழையாகப் படிந்த காந்தாரத்தைக் கழற்றுவது புதிதாகக் கற்பிப்பதைவிடக் கடினம். இதை நான் எத்தனையோ பிள்ளைகளோடு பட்டு அறிந்திருக்கிறேன்.

உப்புவெளியூரான்:
மறுபடியும் காந்தாரம். அன்றைய ஒலிப்பதிவு என்னிடம் இருக்கிறது. நாளைக்கு ஏற்றுகிறேன், ஊர் கேட்கட்டும்.

தம்பலகாமத்தான்:
ஏற்றுங்கள். ஆனால் பெட்டியைப் பற்றி எழுதியதை ரீச்சர் முதலில் மீளப்பெற வேண்டும்.

சுருதிசுத்தம்:
மீளப்பெற மாட்டேன். பதிவில் முதல் அடியைக் கேளுங்கள், போதும். காந்தாரம் அங்கேயே வந்துவிடும்.