கிளியர் அலைனருக்குத் தமிழில் என்ன சொல்?

மடல் 1

குழுவினருக்கு வணக்கம்.

பற்களை நேராக்கக் கம்பிக்குப் பதிலாக மாட்டும் கிளியர் அலைனருக்கு ஒரு சொல் வேண்டும். புதிதாக மாட்டத் தொடங்குபவர்களுக்கான கையேட்டு வரைவில் 'தெளிவான சீரமைப்பான்' என்று இருக்கிறது. இங்கே 'கிளியர்' என்பது தெளிவு அல்ல, ஊடே பல் தெரிகிறது என்பதே. சீரமைப்பான் என்றால் மருத்துவரா, பொருளா என்பதும் விளங்கவில்லை.

பொருளை முன்னால் வைத்துப் பேசுவோம். பல்வரிசையின் மாதிரிமேல் பிளாஸ்டிக் தாளைச் சூடாக்கி இழுத்துப் படியவைத்த மெல்லிய ஓடு அது. மேல்வரிசைக்கு ஒன்று, கீழ்வரிசைக்கு ஒன்று. பல் இன்று இருக்கும் இடத்துக்கு அதை வார்ப்பதில்லை, அடுத்து வந்து சேர வேண்டிய இடத்துக்கு வார்க்கிறார்கள். இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் ஒரு பல்லுக்குச் சுமார் 0.25 மி.மீ. தான். அந்தக் கால் மில்லிமீட்டர்தான் பல்லை அழுத்தித் தள்ளுகிறது. நாளுக்கு 20 முதல் 22 மணி நேரம் வாயில் இருக்க வேண்டும். 7 முதல் 14 நாளுக்கு ஒருமுறை அடுத்த ஓடு.

என் முன்மொழிவு: சீருறை.

மடல் 2

> சீருறை

வேகமாகப் படிக்கும் கண்ணுக்கு அது 'சீருடை'. அச்சில் ஒருமுறையாவது பிழை திருத்துபவர் 'சரிசெய்து' விடுவார்.

பல் மருத்துவப் பக்கமிருந்து இன்னொரு தடை. வேர் சிகிச்சை முடிந்த பல்லின்மேல் ஒட்டுகிற கேப்பை ஏற்கெனவே பல்லுறை என்று எழுதி வருகிறோம். அதை நோயாளி கழற்றவே கூடாது. இதை ஒவ்வொரு வேளை உணவுக்கும் கழற்றியாக வேண்டும். நேர் எதிரான இரண்டு பொருளுக்கு ஒரே 'உறை' ஆபத்தானது. 'பல்கட்டு' பக்கமும் போக வேண்டாம், பல் கட்டுவது என்றாலே செயற்கைப் பல்தான் நினைவுக்கு வரும்.

சிகிச்சை முடிந்தபின் மாட்டும் ரீடெய்னரையும் கூடவே யோசியுங்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். ஒன்று பல்லை நகர்த்துகிறது, மற்றது நகர்ந்த பல்லைத் திரும்பிப் போகாமல் நிறுத்துகிறது. இந்த வேறுபாடு சொல்லிலேயே தெரிந்தால் ரீடெய்னரை ஒதுக்கி வைப்பவர்கள் குறைவார்கள்.

மடல் 3

அப்படியானால் 'நகர்த்துறை' என்று முதலில் தோன்றியது. எழுதிப் பார்த்ததும் கைவிட்டேன், நகராட்சியின் ஏதோ ஒரு துறை போல ஒலிக்கிறது. 'நிரையுறை'யும் சரிவராது. பேச்சில் நிரையும் நிறையும் பலருக்கு ஒன்றே. எடை என்று எடுத்துக்கொள்வார்கள்.

பல்லணி என்பதைப் பாருங்கள். அணி என்றால் அணிவது. அணி என்றால் வரிசையும்கூட, அணிவகுப்பில் இருப்பது அதுதான். பல்லில் அணிந்து பல்லை அணியாக்குவது. பல் + அணி, தனிக்குறிலை அடுத்த ஒற்று இரட்டித்துப் பல்லணி. புணர்ச்சியிலும் சிக்கல் இல்லை. ரீடெய்னருக்கு 'நிறுத்தணி'. தொடரின் எண்ணும் எளிதாக வரும்: 7ஆம் பல்லணி, 8ஆம் பல்லணி.

மடல் 4

பல்லணிக்கு என் ஆதரவு. 'பல அணிகள்' என்று படிக்க இடமுண்டு என்பார்கள். 'பல்லணியைக் கழற்றிவிட்டுச் சாப்பிடுங்கள்' என்ற வாக்கியத்தில் யாரும் அப்படிப் படிக்க மாட்டார்கள். ஆனால் வினையாக 'அணி' வேண்டாம். 'பல்லணி அணியுங்கள்' இடறுகிறது. மாட்டு, கழற்று போதும், பேசுவதும் அப்படித்தான்.

துணைச்சொற்களில்தான் கவனம் அதிகம் தேவை. பற்களுக்கு இடையே எனாமலை 0.1 முதல் 0.5 மி.மீ. வரை எடுத்து இடம் உண்டாக்கும் வேலையை வரைவு 'பல்லிடைத் தேய்ப்பு' என்கிறது. பல் தேய்ப்பது என்றால் காலையில் பிரஷ் பிடிப்பது! அரம்போன்ற மெல்லிய பட்டையை இழுத்துச் செய்வதால் 'பல்லிடை அராவல்' பொருந்தும்.

பல்லில் ஒட்டும் பல் நிறத்துச் சிறு மேட்டை (அட்டாச்மென்ட்) 'குமிழ்' என்றிருக்கிறார்கள். உருண்டையாக இருப்பது குறைவு. பெரும்பாலும் செவ்வகம், ஒரு பக்கம் சரிவு. கோரைப்பல்லும் அதற்கடுத்த சிறு கடைவாய்ப்பல்லும் உருளை வடிவம் என்பதால், திருப்பும்போது வழுவழுப்பான பிளாஸ்டிக் அவற்றின்மேல் வழுக்கிவிடும். மேடு இருந்தால் பிடி கிடைக்கும். ஆகவே 'பிடிமேடு'. பிடிமேடு உதிர்ந்தால் பல்லணியில் அதற்கான குழி வெறுமையாக இருக்கும். வலி இராது, அதனாலேயே கவனிக்காமல் விடுவார்கள். அந்தப் பல் மட்டும் திரும்பாமல் நிற்கும்.

மடல் 5

> ரீடெய்னருக்கு 'நிறுத்தணி'

நன்று. இன்னும் இரண்டு சொல் தேவை. மென்மையான சிறு உருளையைக் கடித்துப் பல்லணியைப் படியவைக்கிறோமே, அது 'கடியுருளை'. பல் திட்டத்துக்குப் பின்னால் நின்றுவிடுவதை 'பின்தங்கல்' எனலாம். அடையாளம் கண்ணாடியிலேயே தெரியும்: பல்லின் நுனிக்கும் பல்லணிக்கும் நடுவே காற்று நிற்கும் இடைவெளி. அடுத்த பல்லணிக்குத் தாவினால் இடைவெளி கூடத்தான் செய்யும். மருத்துவரிடம் காட்டி, அதே பல்லணியைச் சில நாள் கூடுதலாக வைத்துக் கடியுருளையால் அழுத்துவதே வழக்கம். முந்தைய பல்லணியைத் தூக்கி எறியாமல் வைத்திருக்கச் சொல்வதும் இதற்காகத்தான். இப்போதையது உடைந்தாலோ தொலைந்தாலோ பற்கள் பின்னே போகாமல் அது பிடித்து வைக்கும்.

மடல் 6

எல்லாச் சொல்லையும் போட்டு வரைவின் 'முதல் வாரம்' பகுதியைத் திருத்திப் பார்த்தேன். எங்கே இடறுகிறது என்று சொல்லுங்கள்.

"பல்லணியை முன்பற்களில் பொருத்தி, பிறகு இரண்டு பக்கக் கடைவாய்ப்பற்களிலும் விரலால் அழுத்துங்கள். கடித்து உள்ளே தள்ளாதீர்கள், விரிசல் விடும். அதன்பின் கடியுருளையை ஒவ்வோரிடமாக நகர்த்திச் சில நிமிடம் கடியுங்கள். கழற்றும்போது கடைவாய்ப்பல்லின் உட்புறத்தில், அதாவது நாக்குப் பக்கம், விரல்நுனியை விளிம்பில் மாட்டி இழுங்கள். ஒரு பக்கம் விட்டதும் மறுபக்கம், கடைசியாக முன்புறம். ஒரே பக்கமாக முறுக்கினால் ஓடு வளைந்துவிடும்.

புதிய பல்லணியை இரவு படுக்குமுன் மாட்டினால் முதல் சில மணி நேர இறுக்கம் தூக்கத்தில் கழியும். இரண்டு மூன்று நாள் பற்கள் கூசும். எச்சில் அதிகம் ஊறும். ஸ ஒலி சீறும், ச, த, ந தடுமாறும். த, ந ஒலிகளுக்கு நாநுனி தொடும் மேல்பல்லின் பின்பக்கத்தில் இப்போது பிளாஸ்டிக் இருக்கிறது. தினமும் பத்து நிமிடம் வாய்விட்டுப் படித்தால் நாக்கு விரைவில் பழகும். விளிம்பு குத்தினால் மெழுகு வைக்கலாம். வெட்ட வேண்டாம்.

மாட்டியபடி தண்ணீர் மட்டும் குடிக்கலாம். சர்க்கரைப் பானம் உள்ளே தேங்கினால் எச்சில் அதைக் கழுவ முடியாது, பல் சொத்தையாகும். குளிர்ந்த நீரில் மென்மையான பிரஷால் கழுவுங்கள். வெந்நீரில் உருவம் குலையும், பற்பசை கீறல் போடும். கழற்றியதைக் காகிதத்தில் சுற்றாமல் பெட்டியில் வையுங்கள்."

மடல் 7

'ஓடு' என்ற சொல் ஓரிடத்தில் தங்கிவிட்டது. 'பல்லணி வளைந்துவிடும்' என மாற்றுங்கள். 'ஒளிபுகு பல்லணி' என்பதை முதல் பக்கத்தில் ஒருமுறை மட்டும் சொன்னால் போதும். கழற்றியிருக்கும் நேரம் நாளுக்கு 2 முதல் 4 மணி என்பதையும் சேருங்கள். 22 மணி நேரம் மாட்டு என்பதைவிட அந்தக் கணக்கை நினைவில் வைப்பது எளிது.