மேளக்காரப் பையன் சிங்கப்பூர் போகலாமா?

குடமுருட்டிக்கரை:
என்னிடம் 9 வருடம் நாகஸ்வரம் கற்ற பையனுக்குச் சிங்கப்பூர்க் கோயில் ஒன்றில் 2 வருட ஒப்பந்தம் வந்திருக்கிறது. போக வேண்டாம் என்றேன். அவன் வீட்டில் என்மேல் வருத்தம். தோடி ராகத்தை இப்போதுதான் விரிக்கத் தொடங்கியிருக்கிறான். இன்னும் நாலு வருடம் ராத்திரி சாமி புறப்பாட்டில் வாசித்தால் பெரிய வித்வானாக வருவான். அங்கே பூசை நேரத்துக்கு அளந்து வாசித்தே பழகினால் ராகம் சுருங்கிவிடும். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

மாயவரம் தவில்:
ஐயா, மன்னிக்கணும். அவனுக்கு இங்கே வருடத்தில் எத்தனை நாள் வேலை? ஆடியில் கல்யாணம் இல்லை, மார்கழியில் இல்லை. முகூர்த்த மாதத்திலும் மண்டப வாசலில் செண்டை மேளத்தை நிறுத்திவிட்டு, நம்மைத் தாலி கட்டும் நேரத்துக் கெட்டிமேளத்துக்கு மட்டும்தான் தேடுகிறார்கள். போன தையில் ஒரு கல்யாணத்தில் நான் தவிலில் தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததுமே, "பந்தி ஆறுது, முடிச்சுக்குங்க" என்றார்கள். இங்கேயும் ராகம் சுருங்கித்தானே போயிருக்கிறது? நரசிங்கன்பேட்டை நாகஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, சந்தோஷம். அதை வாசிப்பவன் வீட்டு வாடகையையும் யாராவது நினைக்க வேண்டும்.

சீர்காழி வாசகி:
போனவர்களால் கலை வளர்ந்த கதையும் உண்டு. வீணை தனம்மாளின் பேரன் டி. ரங்கநாதன் 1963-லிருந்து அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் மிருதங்கம் சொல்லிக்கொடுத்தார். அவரிடமும் அவர் சகோதரர் விஸ்வநாதனிடமும் கற்ற அமெரிக்கர் ஜான் ஹிக்கின்ஸ்தான் பிறகு திருவையாறு ஆராதனையில் பாடிய ஹிக்கின்ஸ் பாகவதர். ரங்கநாதன் இங்கேயே இருந்திருந்தால் அப்படி ஒரு சிஷ்யர் கிடைத்திருப்பாரா?

குடமுருட்டிக்கரை:
அம்மா, அது கச்சேரி சங்கீதம். நாலு சுவருக்குள் பாடலாம், வகுப்பிலும் சொல்லித்தரலாம். மேளம் அப்படி இல்லை. சாமி கிளம்பும்போது மல்லாரி, ஒவ்வொரு வீதிக்கும் ஒரு வாசிப்பு என்று நடந்துகொண்டே கற்பது. தெற்கு வீதி திரும்பும்போது பெரியவர் ஒருவர் திண்ணையிலிருந்து எழுந்து "இன்னொரு தடவை" என்பார். எனக்குக் காம்போதி ராகம் அப்படித்தான் வந்தது. அந்தத் திண்ணையை எந்த ஊரில் தேடுவான்?

மாயவரம் தவில்:
யாழ்ப்பாணத்தில் இருந்ததே ஐயா! அந்தக் காலத்தில் நம் ஊர் மேளக்காரர்கள் கடல் தாண்டிப் போய் அங்கே கோயில்களில் வாசித்தார்கள். அந்த மண்ணிலிருந்து தட்சிணாமூர்த்தி இங்கே வந்து தவில் வாசித்தபோது நம் ஆட்களே வாய் பிளந்து கேட்டதாக என் தாத்தா சொல்வார்.

குடமுருட்டிக்கரை:
அங்கே விடிய விடியக் கேட்க ஆள் இருந்தது தம்பி. அதைத்தான் நானும் சொல்கிறேன்.

கடல் தாண்டியவன்:
நான் ஒரு வெளிநாட்டுக் கோயிலில் 6 வருடம் தவில் வாசித்தவன். தங்கச்சி கல்யாணம், ஓட்டு வீடு மாடி வீடானது எல்லாம் அந்தச் சம்பளத்தில்தான். போனது தப்பு என்று ஒருநாளும் சொல்ல மாட்டேன். ஆனால் ஐயா சொல்வதும் நடந்தது. திரும்பி வந்து முதல் திருவிழாவில் இரண்டாம் வீதியிலேயே கை சோர்ந்துவிட்டது. பழைய கை வர ஒரு வருடம் ஆனது. அங்கே தப்பு வாசித்தாலும் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள், அதுதான் பெரிய கெடுதல். போகட்டும். ஆனால் வருடா வருடம் திருவிழாவுக்கு லீவு தரவேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கச் சொல்லுங்கள். அப்புறம், தினமும் வாசித்ததைப் பதிவு செய்து உங்களுக்கு அனுப்பட்டும். எனக்கு அப்படிக் கேட்டுச் சொல்ல ஆள் இல்லை.

குடமுருட்டிக்கரை:
இன்று அவன் வீட்டுக்குப் போய் வந்தேன். எனக்கு இன்னும் மனசு ஒப்பவில்லை. ஆனால் அவன் அப்பா கடன் கணக்கைச் சொன்னபோது எதிர்த்துப் பேச என்னிடம் வார்த்தை இல்லை. வைகாசித் தேர் முடிந்ததும் கிளம்புகிறான். ஏழாம் நாள் புறப்பாட்டை முழுக்க அவனுக்கே விட்டிருக்கிறேன். நாகஸ்வரத்தின் முனையில் செருகி ஊதும் சீவாளி 20-க்குத் திருவாவடுதுறையில் சொல்லி வைத்திருக்கிறேன். 2 வருடத்துக்குப் போதுமா தம்பி?

கடல் தாண்டியவன்:
பத்தாது ஐயா. நாற்பதாகக் கொடுத்து அனுப்புங்கள். அங்கே நல்ல சீவாளி கிடைக்காது.