நெவர்மைண்ட் உங்கள் கைக்கு எப்படி வந்தது?

அமெரிக்க ராக் குழுவான நிர்வாணாவின் ‘நெவர்மைண்ட்’ ஆல்பம் பற்றி இங்கே பலரும் ஓரிரு வரி எழுதிவிட்டுப் போகிறீர்கள். கொஞ்சம் விரிவாக எழுதுங்களேன். நானே ஆரம்பிக்கிறேன்.

1991இல் நான் அமெரிக்காவில், விஸ்கான்சின் மாநிலம் மேடிசனில் எம்.எஸ். மாணவன். அறைத்தோழன் உள்ளூர்ப் பையன், பகுதி நேரமாக ஒரு சிடி கடையில் வேலை பார்த்தான். செப்டம்பர் 24 அன்று ஆல்பம் வெளியானபோது அவன் கடைக்கு வந்ததே கொஞ்சம்தான், அதுவும் உடனே தீர்ந்துபோனது. ஆல்பத்தை வெளியிட்ட டிஜிசி நிறுவனம் நாடு முழுக்க முதலில் அனுப்பியது 46,251 பிரதிகள் என்று பின்னாளில் படித்தேன். சோனிக் யூத் என்ற ராக் குழுவின் ‘கூ’ ஆல்பம் போல இரண்டரை லட்சம் விற்றால் போதும் என்பது அவர்கள் கணக்கு. அதிகம் விற்கும் ஆல்பங்களை வாராவாரம் வரிசைப்படுத்தும் பில்போர்டு பட்டியலில் நுழைந்ததே 144ஆம் இடத்தில்தான்.

அப்புறம் எம்டிவி இந்த ஆல்பத்தின் ‘ஸ்மெல்ஸ் லைக் டீன் ஸ்பிரிட்’ பாட்டு வீடியோவை ஓயாமல் போட ஆரம்பித்தது. டிசம்பர் வாக்கில் வாரத்துக்கு மூன்று லட்சம் விற்றது. கிறிஸ்துமஸ் முடிந்ததும், தாத்தா பாட்டி பரிசாகத் தந்த சிடிக்களைத் தூக்கிக்கொண்டு பள்ளிப் பிள்ளைகள் வந்து, “இதை எடுத்துக்கிட்டு நிர்வாணா குடுங்க” என்று நின்றதைத் தோழன் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். 1992 ஜனவரி 11 பட்டியலில் மைக்கேல் ஜாக்சனின் ‘டேஞ்சரஸ்’ இறங்கியது, இவர்கள் முதலிடம்.

இதில் பலரும் விட்டுவிடுகிற ஒன்று உண்டு. அதற்குச் சில மாதங்கள் முன்புவரை எது நன்றாக விற்கிறது என்று கடைக்காரர்கள் சொல்வதை வைத்துத்தான் பில்போர்டு பட்டியல் போட்டது. பில் போடும்போது பார்கோடில் பதிவாகும் விற்பனையை சவுண்ட்ஸ்கேன் என்ற கணக்கெடுப்பு முறை மூலம் எடுக்கத் தொடங்கியது 1991 மே மாதத்தில். பழைய முறையே நீடித்திருந்தால் இந்த மூன்று பேர் அவ்வளவு சீக்கிரம் மேலே வந்திருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

இன்னொரு வேடிக்கை. 1990 ஏப்ரலில் இந்தப் பாட்டுகள் பலவற்றை முதலில் பதிவு செய்ததே மேடிசனில், ஆல்பத்தின் தயாரிப்பாளர் புட்ச் விக்கின் ஸ்மார்ட் ஸ்டூடியோவில். ஈஸ்ட் வாஷிங்டன் அவென்யூவில் இருந்த அந்தச் செங்கல் கட்டடத்தைத் தாண்டித்தான் என் பஸ் போகும்!

* * *

மேடிசன்காரருக்கு ஒரு கூடுதல் தகவல். அந்த ஏப்ரல் பதிவில் டிரம்ஸ் வாசித்தவர் சாட் சானிங். ஆல்பத்தில் டிரம்ஸ் வாசித்த டேவ் குரோல் அப்போது குழுவிலேயே இல்லை. அந்தப் பதிவிலிருந்து ‘பாலி’ பாட்டு மட்டும் அப்படியே ஆல்பத்துக்கு வந்தது. அதில் கேட்கும் சிம்பல் (டிரம்ஸோடு இருக்கும் உலோகத் தட்டு) சானிங்குடையது, ஆனால் அட்டையில் அவர் பெயர் கிடையாது. பாவம்.

நான் சென்னையில் மிக்ஸிங் வேலை பார்க்கிறேன். குழுவின் பாடகர், கிதார் கலைஞர் கர்ட் கோபேன் கோபத்தில் கத்தினார், அது ஆல்பமாகிவிட்டது என்று நம்புகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். நல்ல ஹெட்போனில் ‘இன் புளூம்’ பாட்டில் திரும்பத் திரும்ப வரும் கோரஸைக் கேளுங்கள், குரல் ஒற்றையாக இருக்காது. ஒரே வரியை இரண்டு முறை பாடி ஒன்றன்மேல் ஒன்று வைத்திருக்கிறார்கள். கோபேனுக்கு இது பிடிக்கவில்லை, ஏமாற்று வேலை என்று நினைத்தார். “ஜான் லென்னனே இப்படித்தான் செய்தார்” என்று சொல்லித்தான் புட்ச் விக் அவரைச் சம்மதிக்க வைத்தார். இப்போது ஸ்டூடியோவுக்கு வரும் பாடகர்கள் முரண்டுபிடித்தால் நானும் இந்தக் கதையைத்தான் எடுத்துவிடுகிறேன். பெரும்பாலும் பலிக்கிறது.

முழு ஆல்பத்தின் பதிவு 1991 மே மாதம் லாஸ் ஏஞ்சலஸின் வான் நைஸ் பகுதியில், சவுண்ட் சிட்டி ஸ்டூடியோவில் தொடங்கியது. ஒலிப்பதிவுக்கு நீவ் கன்சோல், டிரம்ஸுக்கென்றே அமைந்தது போன்ற பெரிய அறை. ‘லித்தியம்’ பாட்டை வாசிக்கும்போது வேகம் கூடிக்கொண்டே போனதால் குரோலுக்குக் கிளிக் டிராக் (தாளம் தவறாமல் இருக்க ஹெட்போனில் ஒலிக்கும் ‘டிக் டிக்’) போட வேண்டியிருந்தது. எனக்கு ரொம்பப் பிடித்தது ஆல்பத்தின் கடைசிப் பாட்டான ‘சம்திங் இன் தி வே’ பதிவான விதம். குழுவாக வாசித்துப் பார்த்தும் சரிவரவில்லை. கோபேன் கன்ட்ரோல் ரூம் சோபாவில் சாய்ந்துகொண்டு முணுமுணுப்பாகப் பாடிக் காட்டினார். விக் ஏசியை அணைத்து, போன் இணைப்பைப் பிடுங்கி வைத்து, அங்கேயே மைக் வைத்துவிட்டார். டிரம்ஸ், பேஸ், செல்லோ எல்லாம் பிறகு அதன்மேல் சேர்ந்தவை. சுருதி சேராத பழைய கிதாருக்கு மற்றவர்கள் இசைந்துபோக என்ன பாடுபட்டிருப்பார்கள் என்பது இந்த வேலையில் இருக்கிறவர்களுக்குத்தான் தெரியும்.

செலவையும் பாருங்கள். முதல் ஆல்பம் ‘பிளீச்’ 606 டாலரில் முடிந்தது. இதற்கு ஒரு லட்சத்து இருபதாயிரம் டாலரைத் தாண்டியது.

* * *

இவ்வளவு செலவில் மெருகேற்றிய ஆல்பத்தின் வழவழப்புதான் எனக்கு ஒத்துவரவில்லை. மிக்ஸ் செய்தவர் ஆண்டி வாலஸ். ஸ்லேயர் என்ற முரட்டு மெட்டல் குழுவின் ஆல்பத்தைச் செய்தவர் என்பதால்தான் கோபேனே அவரைத் தேர்ந்தெடுத்தார். வந்த ஒலி ரேடியோவுக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. பிறகு அதே கோபேன், இது கரடுமுரடான பங்க் ஆல்பத்தைவிட, பளபளப்பான மெட்டல் குழுவான மாட்லி குரூவின் ஆல்பம் மாதிரி இருக்கிறது என்று அலுத்துக்கொண்டார். 1993இல் ஒலிப்பதிவாளர் ஸ்டீவ் ஆல்பினியோடு நிர்வாணா செய்த அடுத்த ஆல்பம் ‘இன் யூட்டரோ’வைக் கேளுங்கள், அதுதான் என் ஆல்பம். சண்டைக்கு யார் வந்தாலும் சரி.

* * *

சண்டைக்கு வரவில்லை, ஊர்க்கதை சொல்ல வந்தேன். சியாட்டிலில் இருக்கிறேன். கோபேன் பிறந்த ஊரான அபர்டீனுக்கு ஒரு வார இறுதியில் காரில் போனோம். மரம் வெட்டும் தொழிலை நம்பி இருந்த ஊர். விடாத தூறல், பாதிக் கடைகள் மூடிக்கிடந்தன. ஊர் எல்லையில் வரவேற்புப் பலகை, அதன் கீழே ‘கம் ஆஸ் யூ ஆர்’ என்று அவர் பாட்டின் தலைப்பு. விஷ்கா ஆற்றுப் பாலத்தடிக்கும் போனோம். வீட்டைவிட்டு வந்து அங்கேதான் தங்கினேன் என்று கோபேன் சொல்லிவந்தார், ‘சம்திங் இன் தி வே’யின் கதையும் அதுதான். அலை ஏறி இறங்கும் அந்தச் சேற்றில் யாரும் தங்க முடியாது என்றார் பேஸ் வாசித்த கிறிஸ்ட் நோவோசெலிக். நேரில் பார்த்தபின் நான் நோவோசெலிக் பக்கம். என் மனைவி இன்னும் கோபேன் பக்கம்.

* * *

‘சம்திங் இன் தி வே’ பாட்டோடு சிடியை ஓடவிட்டுத் தூங்கிப்போனவர்கள் இங்கே யாராவது உண்டா? நான் உண்டு. பாட்டு முடிந்து சுமார் பத்து நிமிடம் நிசப்தம், பிறகு திடீரென்று ‘எண்ட்லெஸ், நேம்லெஸ்’ இரைச்சல். விடுதி அறையில் கட்டிலிலிருந்து விழாத குறை. ‘லித்தியம்’ சரியாக வராத எரிச்சலில் வாசித்து, கோபேன் கிதாரை உடைத்துத் தீர்த்த பதிவு அது. ஆனால் முதலில் அச்சான சுமார் 20,000 சிடிக்களில் அச்சுக்கு முந்தைய கடைசி ஒலி வேலையான மாஸ்டரிங்கின்போது இது தவறுதலாக விடுபட்டுப்போனது. 1991 சிடி வைத்திருக்கிறவர்கள் கடைசி டிராக்கின் நீளத்தைப் பாருங்கள். இருபது நிமிடம் காட்டினால் வழக்கமான பிரதி. நான்கு நிமிடத்துக்குள் முடிந்தால் எனக்குத் தனிமடல் போடுங்கள், நல்ல விலை தருகிறேன்.