செஸ்ஸில் 1880 கேட்ட டிராவை 1480 வாங்கியது சரியா?

காசிமேடு அப்பா:
ஞாயிறு பெரம்பூரில் செஸ் ரேட்டிங் போட்டி. என் மகளுக்கு 13 வயது, ரேட்டிங் (ஆட்டத் திறனுக்கான புள்ளி) 1480. எதிரில் 1880 உள்ள காலேஜ் பையன். எங்களை ஹாலுக்குள் விடவில்லை, மூவ்களை எழுதி வைக்கும் ஸ்கோர் ஷீட்டைப் பார்த்துத்தான் சொல்கிறேன். கடைசியில் ஆளுக்கு ஒரு யானை, இவளுக்கு நாலு சிப்பாய், அவனுக்கு மூணு, எல்லாம் ராஜா பக்கமே. இவள் யோசித்துக்கொண்டிருக்கும்போது அவன் "டிராவா?" என்று கேட்டிருக்கிறான். உடனே கை கொடுத்துவிட்டாள். அவளுக்கு ஒரே சந்தோஷம், ஒரு சிப்பாய் கூட இருந்தும் ஆடிப் பார்க்கவில்லையே என்று கோச்சுக்குக் கோபம். கேரம் என்றால் எங்கள் பக்கம் தெருவுக்கு நாலு பேர் சொல்லித் தருவார்கள், புதுவண்ணாரப்பேட்டை காசிமா 2024 உலகக் கோப்பையில் மூணு தங்கம் வாங்கிய ஏரியா. செஸ்ஸுக்கு யாரைக் கேட்பது?

வியாசை குதிரை:
அண்ணே, நாலுக்கு மூணு, ஒரே பக்கம், யானை ஆட்டம் என்றால் எதிராளி சரியாக ஆடும்வரை பெரும்பாலும் டிராதான். ஆனால் 1930-31 ஹேஸ்டிங்ஸ் போட்டியில் முன்னாள் உலகச் சாம்பியன் காபாபிளாங்கா இதே கணக்கில் யேட்ஸை ஜெயித்தார். சிப்பாய் அதிகம் உள்ளவர் தோற்பது கஷ்டம், அதனால் இழுத்துப் பார்க்கலாம். கோச் சொல்வதும் நியாயமே. கடிகாரத்தில் எவ்வளவு இருந்தது?

காசிமேடு அப்பா:
இவளுக்கு மூணு நிமிஷம், அவனுக்கு இருபதுக்கு மேல். மூவுக்கு 30 செகண்ட் கூடும்.

வியாசை குதிரை:
அப்போ நானும் வாங்கியிருப்பேன்!

ஐசிஎஃப் ரிடயர்டு:
400 வித்தியாசத்தில் ஃபிடே (உலக செஸ் கூட்டமைப்பு) அட்டவணைப்படி பாப்பாவிடம் எதிர்பார்ப்பது 0.08 புள்ளிதான். எடுத்தது 0.5. அந்த வித்தியாசத்தைப் பெருக்கும் எண்ணான கே அந்த வயதுக்கு 40, ஆக ரேட்டிங் 16.8 ஏறும். பையனுக்குக் கே 20 என்றால் 8.4 போச்சு.

எனக்கு உறுத்துவது வேறு. மூவ் வைத்துவிட்டு, கடிகாரத்தை அழுத்துவதற்கு முன்தான் டிரா கேட்க வேண்டும். அடுத்தவர் நேரத்தில் கேட்டாலும் செல்லும், ஆனால் தொந்தரவு என்று ஆர்பிட்டரிடம் (நடுவரிடம்) சொல்லலாம். அப்புறம், உடனே பதில் சொல்லத் தேவையே இல்லை. வாயால் மறுக்கும்வரை, இல்லை நகர்த்தக் காயைத் தொடும்வரை அது நிற்கும். கேட்டவர் திரும்பப் பெற முடியாது. பாப்பா தன் மூணு நிமிஷத்தில் இரண்டை யோசித்தே செலவழித்திருக்கலாம்.

காசிமேடு அப்பா:
அது அவளுக்குத் தெரியாது சார். பெரியவன் கேட்டால் உடனே பதில் சொல்லணும் என்று நினைத்தாளாம். ஷீட்டைப் படம் எடுத்து ராத்திரி போடுகிறேன். கடைசிப் பத்து மூவ் கோழி கிளறிய மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.