ஃப்ளஷ்சுக்கு 'பூ'ன்னு வச்சா என்ன? காளான் சொல் பட்டியல், காலியா கெடக்குற கட்டம்

எல்லாருக்கும் வணக்கம்.

இங்கிலீஷ் சொல்லுக்கு தமிழ்ச் சொல் தேடி நாம போடுத காளான் வளர்ப்பு சொல் பட்டியல்ல ஃப்ளஷ்சுக்கு (flush, ஒரே பெட்ல காளான் தடவ தடவயா மொத்தமா வாறது) நேரா உள்ள கட்டம் இன்னும் காலியா கெடக்கு. அலை, ஈடு, போகம், ஈத்து, அறுவடைன்னு ஆளுக்கு ஒண்ணு சொல்லியிருக்கீங்க. நான் கன்னியாகுமரி மாவட்டம் பூதப்பாண்டி பக்கம், வீட்டுப் பின்னால சாய்ப்புல ரெண்டு வருசமா சிப்பிக்காளான் போடுதேன், விக்கதுக்கு இல்ல, வீட்டுக்கும் அக்கம்பக்கத்துக்கும் தான், அதுல எனக்குப் பட்டத சொல்லுதேன், கொஞ்சம் நீளமா போகும் பொறுத்துக்கிடுங்க.

காளான் போட்டே பாக்காதவங்களும் இங்க இருக்கதால மொதல்ல விஷயத்த சொல்லிருதேன். வைக்கோல சின்னதா வெட்டி நாலஞ்சு மணி நேரம் ஊறவச்சு, கொதிக்க தண்ணியில முக்கா மணி நேரம் கெடத்தி, நெழல்ல விரிச்சு, கையில பிடிச்சுப் பிழிஞ்சா தண்ணி சொட்டப்படாது ஆனா உள்ளங்கை நனையணும் அந்தப் பதத்துல பாலித்தீன் கவர்ல அடுக்கி, அடுக்குக்கு அடுக்கு காளான் வித்து தூவி, கட்டித் தொங்கவிடுதோம், இதத்தான் பெட்னு சொல்லுதது. 15, 20 நாள்ல வெள்ளை இழை பெட் முழுக்க பரவிரும். கவரக் கிழிச்சு காத்து பட விட்டா நாலஞ்சு நாள்ல மொட்டு கட்டி எல்லாமே ஒண்ணுபோல விரியும். பறிச்சப்புறம் ஒரு வாரம் பத்து நாளுக்கு ஒண்ணுமே இருக்காது, பெட் செத்துப்போச்சுன்னு தூக்கிப் போட்டவங்க உண்டு. சாகல்ல. வைக்கோல்ல மிச்சமிருக்க சத்த இழை உள்ள இருந்து உறிஞ்சி சேத்துக்கிட்டு இருக்கு. சேந்ததும் மறுபடி மொத்தமா மொட்டு விடும். இப்படி ஒரு பெட்ல பெரும்பாலும் மூணு தடவ, ஒவ்வொரு தடவையும் கொறஞ்சு கொறஞ்சு. என் நோட்டுல அரை கிலோ காஞ்ச வைக்கோல் பெட் ஒண்ணுக்கு 280 கிராம், 150 கிராம், 70 கிராம்னு இருக்கு. இந்த ஒவ்வொரு தடவைக்கும் தான் ஃப்ளஷ்னு பேரு.

இதுக்கு தமிழ்ச் சொல் எதுக்கு, ஃப்ளஷ்னே எழுதிட்டுப் போவோம்னு ஒருத்தர் கேட்டிருந்தார். எங்க சித்தி ஒரு குறிப்புத்தாள்ல "ஃப்ளஷ் முடிஞ்சதும் லேசா தண்ணி தெளிக்கவும்"னு படிச்சிட்டு, ஃப்ளஷ்னா தண்ணி விட்டு அலசுறதுன்னு நெனச்சு பெட்ட வாளியில முக்கி எடுத்துட்டாங்க. மூணு பெட்டும் அழுகி பச்சைப் பூசணம் ஏறிப்போச்சு. அவங்க மேல ஒரு குத்தமும் இல்ல, அந்த வார்த்தைய அவங்க கேட்டிருக்கது கக்கூஸ்ல தான். சொல்லு புரியலேன்னா கை தப்பா போகும், அதனால தான் இத விடாம பிடிச்சுக்கிட்டு இருக்கேன்.

அறுவடை ஒத்து வராது. அது நாம செய்யுற வேலை, காளான் செய்யுறது இல்ல. ஒரே ஃப்ளஷ்ல இன்னைக்கு பாதி நாளைக்கு பாதி பறிப்போம், அத ரெண்டு அறுவடைன்னு எழுதினா கணக்கே தப்பிரும். அலைன்னு சொன்ன தம்பி கோவிக்கண்டாம், ஆனா நம்ம மாவட்டத்துல கடல பாக்காதவன் யாரு, அலை ஓயாம வந்துக்கிட்டே இருக்கும், இங்க நடுவுல கெடக்க அந்த பத்து நாள் சும்மா கெடப்பு தான் புதுசா போடுறவங்களுக்கு புரிய வேண்டிய விஷயமே. ஈடு நல்ல வீட்டுச் சொல்லு, ஆனா இட்லிக்கு ஈட்டுக்கு ஈடு புது மாவு ஊத்துதோம், இங்க பழைய பெட்டே தான். ஈத்து எனக்கு ரொம்ப பிடிச்சுது, ஒரே மாடு, நடுவுல இடைவெளி, எல்லாம் சரி, ஆனா தலையீத்தவிட அடுத்த ஈத்துல தான் மாடு பால் கூட கறக்கும், காளான் நேர் தலைகீழ்.

இப்ப என் சொல்லு. நம்ம நாஞ்சில் நாட்டுல நெல்லுல ஒரு போகத்த பூன்னு தான் சொல்லுவோம், வருசத்துக்கு ரெண்டு பூ, கன்னிப்பூ, கும்பப்பூ. போன மாசம் மாமாட்ட வைக்கோல் கேட்டப்போ "எந்தப் பூ வைக்கோல் வேணும்"னு கேட்டாங்க. நான் எப்பவும் கும்பப்பூ வைக்கோல் தான் எடுப்பேன், மாசி பங்குனி வெயில்ல நல்லா காஞ்சிருக்கும், கன்னிப்பூ வைக்கோல் அறுக்கும்போதே மழையில மாட்டி ஒருக்கா முழுசா கெட்டுப்போச்சு. அந்த மாமா வீட்டுக்கு வந்து, பறிச்ச பெட்ல மறுபடி மொட்டு வந்திருக்கத பாத்துட்டு "இது ரெண்டாம் பூவா மக்கா"ன்னாங்க. நான் ஒண்ணுமே சொல்லிக் கொடுக்கல்ல, அவங்க வாயில தானா வந்துது. முதப்பூ, ரெண்டாம் பூ, மூணாம் பூ. இதுக்கு மேல என்ன வேணும் சொல்லுங்க.

காளான் பூக்குமா, அதுக்கு பூவே கெடையாதேன்னு கேப்பீங்க. ஊறுகா பூத்துப்போச்சுன்னு சொல்லுதோம்ல. பழைய தமிழ்லயும் அப்படித்தான், காளானுக்கு ஆம்பின்னு பேரு, புறநானூறு 164ல பெருந்தலைச் சாத்தனார் சமையலே மறந்துபோன அடுப்புல ஆம்பி பூத்ததுன்னு தன் வறுமைய பாடியிருக்கார். முளைச்சதுன்னு சொல்லாம பூத்ததுன்னு தான் சொல்லுதார்.

~~~

அண்ணாச்சி, குலசேகரத்துல இருந்து எழுதுறேன். எங்க வீட்ல காளான்னு சொல்ல மாட்டோம், கூணு தான். பூ எனக்கும் பிடிச்சிருக்கு, ஆனா ரெண்டு சந்தேகம். ஒண்ணு, கன்னிப்பூவுக்கும் கும்பப்பூவுக்கும் புதுசா வெதைக்கணும், இங்க வித்து ஒரே தடவ தான், அப்போ ஈட்டுக்கு நீங்க சொன்ன குறை பூவுக்கும் வருமே. ரெண்டு, தோவாளை பூ மார்க்கெட் இருக்க மாவட்டத்துல "ரெண்டு கிலோ பூ கெடச்சுது"ன்னா பிச்சியா கூணான்னு யாருக்குத் தெரியும். பூப்புன்னு வச்சா இன்னும் சிக்கல், வயசுக்கு வாறதுக்கு உள்ள சொல்லு அது.

~~~

தங்கச்சி, மொத கேள்வி சரியான கேள்வி, நான் அத யோசிக்கல்ல. நெல்ல மட்டும் வச்சு பாத்தா நீங்க சொல்லுதது தான் ஞாயம். ஆனா பூவுக்கு ரெண்டு பக்கம் இருக்குல்லா, வயல்ல அது ஒரு வெளைச்சல், பிச்சிக்கொடியில அது பூக்குறது, கொடி ஒண்ணு தான், ஒருக்கா பூத்து ஓஞ்சு மறுபடி பூக்கும். ஈட்டுக்கு அந்த ரெண்டாவது பக்கம் கெடையாது. மார்க்கெட் குழப்பத்துக்கு ஒரு வழி, வெறும் பூன்னு எழுதவே வேண்டாம், எப்பவும் எண்ணோட தான், முதப்பூ, ரெண்டாம் பூன்னு. எடைக்கு காளான்னே சொல்லுவோம். பூப்பு வேண்டாம், நானும் ஒத்துக்கிடுதேன். நடுவுல உள்ள பத்து நாளுக்கு பூவிடைன்னு போடலாம்னு தோணுது, "பூவிடையில பெட்ட லேசா சுரண்டிவிட்டு தண்ணி தெளிக்கவும்". இத சித்திட்ட வாசிச்சுக் காட்டினேன், தெளிக்கணும் முக்கப்படாது அப்படித்தானன்னாங்க.

~~~

அப்ப சரி அண்ணாச்சி. பூவிடைய இன்னும் ரெண்டு பேர் எழுதிப் பாக்கட்டும், முதப்பூ ரெண்டாம் பூவ பட்டியல்ல ஏத்திருவோம். எங்க பெட்ல இன்னைக்கு காலையில ரெண்டாம் பூ, 160 கிராம். கூணுத் தோரன் வச்சாச்சு.