குளிர்கால ஆர்.வி. பயணம்: எந்த இரவுக்கு முன்பதிவு வேண்டும், எதற்கு வேண்டாம்?

ஆர்.வி. என்னும் வீட்டு வசதியுள்ள வண்டியில் போகும்போது எல்லா இரவுக்கும் முன்பதிவு செய்துவிட்டுக் கிளம்பாதீர்கள். ஒன்றுமே செய்யாமலும் கிளம்பாதீர்கள். "குளிர்தானே, காலியாகக் கிடக்கும்" என்ற கணக்கு அமெரிக்காவின் தெற்கில் பலிக்காது. ஃபுளோரிடா, தெற்கு அரிசோனா, கலிஃபோர்னியாவின் டெத் வேலி பாலைவனம் மூன்றுக்கும் ஜனவரி, பிப்ரவரிதான் சீசன்.

டெத் வேலியின் ஃபர்னஸ் க்ரீக் முகாமில் இருப்பது 136 இடங்கள். மின்சாரம், தண்ணீர், கழிவுநீர் இணைப்பு மூன்றும் உள்ளவை அதில் 18 மட்டும். ரெக்ரியேஷன் டாட் கவ் என்ற அரசு முன்பதிவுத் தளத்தில் 6 மாதம் முன்பு, பசிபிக் நேரம் காலை 7 மணிக்குத் திறக்கும்போதே உட்கார்ந்துவிட வேண்டும். ஃபுளோரிடா மாநிலப் பூங்காக்கள் 2024 முதல் அந்த மாநிலத்தவர்களுக்கு 11 மாதமும் வெளிமாநிலத்தவர்களுக்கு 10 மாதமும் முன்னால் முன்பதிவைத் திறக்கின்றன. கடற்கரையை ஒட்டிய இடங்களில் அந்த ஒரு மாத வித்தியாசம் பெரிது. கிறிஸ்துமஸ் வாரத்துக்கும், ஜனவரி மூன்றாம் திங்கள், பிப்ரவரி மூன்றாம் திங்களை ஒட்டிய நீண்ட வார இறுதிகளுக்கும் எங்கே தங்கினாலும் பதிவு செய்துவிடுங்கள்.

திட்டம் மாறினால் சீக்கிரம் ரத்து செய்யுங்கள். ரெக்ரியேஷன் டாட் கவ் தளத்தில் 10 டாலர் போகும், அவ்வளவுதான். முந்தைய நாள் வரை இழுத்தால் முதல் இரவு வாடகையும் சேர்ந்து போகும். அப்படி ரத்தாகும் இடங்கள் கடைசி வாரத்தில் திரும்ப வரும். காலையும் இரவும் ஒருமுறை பார்த்தால் கிடைக்க வாய்ப்பு உண்டு.

* * *

மேலே சொன்னதில் அரிசோனாவுக்கு ஒரு விலக்கு உண்டு. க்வார்ட்ஸைட் அருகே லா போசா என்ற நீண்டகாலத் தங்குமிடம் இருக்கிறது. அரசு நில நிர்வாகத்தின் பாலைவனம் அது, முன்பதிவே கிடையாது. செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை சீசன் அனுமதிச்சீட்டு பல வருடமாக 180 டாலராகவும், 14 நாளுக்கு 40 டாலராகவும் இருந்தது. கிளம்பும் முன் இப்போதைய கட்டணத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். குடிநீரும் கழிவுத்தொட்டி காலி செய்யும் இடமும் உள்ளேயே உண்டு. ஜனவரியில் ஆர்.வி. கண்காட்சி நடக்கும் நாட்களில்கூட நிறுத்த இடம் கிடைத்துவிடும். தண்ணீருக்கும் கழிவுக்கும்தான் வரிசை நீளும், அதனால் கழிவுத்தொட்டியைக் காலி செய்துவிட்டு உள்ளே போங்கள். வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேருங்கள். டிசம்பரில் சீக்கிரம் இருட்டிவிடும், மணலில் புதைகிற பள்ளம் இருட்டில் தெரியாது.

* * *

போகும் வழியில் தங்கும் நடுவழி இரவுகளைப் பற்றி இன்னும் சொல்லவில்லையே. அவற்றுக்கு முன்பதிவு பெரும்பாலும் பாரம்தான். ஐ-40 நெடுஞ்சாலை வடக்கு அரிசோனாவின் ஃபிளாக்ஸ்டாஃபில் சுமார் 7,000 அடி உயரத்தில் ஏறுகிறது. பனி விழுந்தால் ஒரு நாள் அப்படியே நிற்க வேண்டும், இல்லையென்றால் தெற்கே ஐ-10க்கு இறங்க வேண்டும். வரிசையாக ஐந்து இரவு பதிவு செய்தவர் பணம் போகுமே என்று பனியில் வண்டியை ஓட்டுவார். அந்த ஆபத்து தேவையே இல்லை.

ஆனால் இணைப்பு இல்லாமல் உறையும் இரவைக் கழிக்க வண்டி தாங்குமா என்று கணக்குப் போடுங்கள். 20 பவுண்டு ப்ரொப்பேன் சிலிண்டர் ஒன்றில் ஏறக்குறைய 4,30,000 பி.டி.யு. (வெப்பத்தின் அளவு) இருக்கும். மணிக்கு 30,000 பி.டி.யு. எரிக்கும் ஹீட்டர் நிற்காமல் ஓடினால் 14 மணி நேரம், விட்டுவிட்டு ஓடினால் இரண்டு இரவு. முதலில் தீர்வது கேஸ் அல்ல, பேட்டரி. ஹீட்டரின் காற்றாடி 12 வோல்ட்டில் சுமார் 8 ஆம்பியர் இழுக்கும். இரவில் 7 மணி நேரம் ஓடினால் 56 ஆம்பியர்-மணி. 100 ஆம்பியர்-மணி ஈய பேட்டரியில் பாதியைத்தான் எடுக்கலாம் என்பதால் விடியும் முன்பே காற்றாடி தளர்ந்து ஹீட்டர் அணைந்துவிடும். ஒற்றைப் பேட்டரிக்காரர்கள் அந்த இரவுக்கு மின் இணைப்புள்ள இடமாகத் தேடுங்கள். 30 ஆம்பியர் இணைப்பு மொத்தம் 3,600 வாட் தரும். 1,500 வாட் ஹீட்டர் இரண்டு போட்டு மைக்ரோவேவையும் ஓட்டினால் பிரேக்கர் விழும்.

தண்ணீர்க் குழாயைப் பொருத்தியபடி விட்டால் உறைந்து வெடிக்கும். வண்டியின் தண்ணீர்த் தொட்டியை நிரப்பிக் குழாயைக் கழற்றிவிட்டு பம்பில் ஓட்டுங்கள். கழிவுநீர் வால்வை மூடியே வையுங்கள். திறந்து வைத்தால் சொட்டுச் சொட்டாக வடிவது குழாயிலேயே பனிக்கட்டியாகி அடைக்கும்.

வடக்கே போகும்போது தங்கப்போகும் முகாமுக்கு மதியமே போன் செய்து மூன்று கேள்வி கேளுங்கள்: குளிர்காலத்தில் இடத்திலேயே தண்ணீர் வருமா, கழிவுத்தொட்டி காலி செய்யும் இடம் திறந்திருக்கிறதா, அலுவலகம் மூடிய பிறகு வந்தால் உள்ளே விடுவார்களா. வண்டியின் நீளத்தைப் பின்னால் இழுக்கும் காரையும் சேர்த்தே சொல்லுங்கள்.